குப்புறக் கிடந்த எட்டு நிமிடம்

புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு நானும் மாரெனும் கடைக்குப் போய்விட்டு வீடு வந்து சேர்ந்தோம். பகல் பதினொன்றரைதான். ஆனாலும் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. துருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் ஜனவரியில் சூரியன் எழுவதே இல்லை, எந்த நேரமும் விளக்கு நேரம்தான். நடுப்பகலில் தெற்கு மலைக்குப் பின்னால் கொஞ்சம் நீலம் கசியும். காபி ஆறுவதற்குள் அதுவும் வடிந்துவிடும்.

மாரென் தள்ளுவண்டியில் நன்றாகத் தூங்கிவிட்டிருந்தாள். என் மகள், மூன்றரை மாதக் குழந்தை. இங்கே எல்லாப் பிள்ளைகளும் பகல் தூக்கத்தை வெளியில்தான் தூங்குவார்கள். அன்று மைனஸ் நான்கு, காற்று இல்லை, அருமையான தூக்கக் குளிர். வண்டியைச் சமையலறை ஜன்னலுக்கு நேராக இறவாரத்தின் கீழ் நிறுத்தினேன். அவள் படுத்திருந்த ஆட்டுத்தோல் பையின் ஜிப் கழுத்து வரை ஏறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். மல்லாக்கப் படுத்து, வாயைக் கொஞ்சம் திறந்து, மூச்சைப் புகையாக விட்டுக்கொண்டிருந்தாள். நெற்றியில் முத்தமிட்டுவிட்டு உள்ளே போனேன்.

என் கணவன் சிக்வே சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் அதே படிவம்.

"இன்னுமா எழுதற?"

"ஆர்ன்ஃபின் எழுதினதோட ஒத்துப் போகணும்ல."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. சிக்வே பொய் சொல்கிறவன் இல்லை. வாங்கிய பால் ரசீதில் விட்டுப்போயிருந்தால்கூடக் காசு கொடுக்கக் கடைக்குத் திரும்ப நடப்பவன்.

நாங்கள் இருவருமே போலீஸ். நான் பிரசவ விடுப்பில் இருந்தேன். எங்கள் நிலையத்தில் மொத்தம் ஏழு பேர். மற்ற ஆறு பேருக்கும் ஆளைப் பிடிக்கிற முறை, வீழ்த்துகிற முறை, விலங்கு மாட்டுகிற முறை எல்லாம் சொல்லிக் கொடுத்தது நான்தான். சிக்வேயை முதன்முதலில் சந்தித்ததே பயிற்சி மெத்தையில்தான். புதிதாக வந்தவனைத் தோளைப் பிடித்துக் கீழே தள்ளிக் காட்டினேன். "அன்னைக்கு விழுந்தவன், இன்னும் எழுந்திரிக்கல" என்று எங்கள் கல்யாண விருந்தில் எழுந்து நின்று சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தப் படிவம் எட்வினைப் பற்றியது.

எட்வினை எல்லோருக்கும் தெரியும். துறைமுகக் கொட்டகையில் தூண்டில் முட்களில் இரைமீன் குத்துகிற வேலை. நாற்பத்தொரு வயது, தனிக்கட்டை. கிறிஸ்துமசுக்கு முன்பே மனநோய் மாத்திரையை நிறுத்திவிட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. ஆறு நாளுக்கு முன், மதியம் இரண்டு மணிக்கு, படகுத் துடுப்பால் கடையின் கண்ணாடிக் கதவை உடைத்தான். உள்ளே தண்ணீர் ஏறுகிறது, எல்லோரும் வெளியே வாருங்கள் என்று கத்தியிருக்கிறான். சிக்வேயும், நிலையத்திலேயே மூத்தவனான ஆர்ன்ஃபினும் போனார்கள். கடை வாசலில் பனியில் அவனைக் கீழே கிடத்தினார்கள். ஆம்புலன்ஸ் படகேறி வருவதற்குள் எட்வின் இறந்துவிட்டான்.

"துப்பாக்கி காருக்குள்ளேயே பூட்டிக் கெடந்துச்சு, தூருன். தடி எடுக்கல. பெப்பர் ஸ்பிரே எடுக்கல. வெறும் கை. வெறும் கைதான்."

ஆறு நாளில் முப்பது தடவையாவது இதைச் சொல்லியிருப்பான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் நாட்டுப் போலீஸ் துப்பாக்கி இல்லாமல் நடக்கும், அதில் எங்களுக்குப் பெருமை. அந்தப் பெருமையிலேயே ஒன்றை மறந்துவிட்டோம். வெறும் கையால் செய்தால் அது வன்முறையே இல்லை என்று நம்ப ஆரம்பித்துவிட்டோம்.

"எவ்வளவு நேரம் குப்புற வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு நிமிஷம். விலங்கு மாட்டினதும் ஒருக்களிச்சுத் திருப்பிட்டோம். நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே."

படிவத்தைப் பார்த்துச் சொன்னான். என்னைப் பார்க்கவில்லை.

மேசை மேல் பேபி மானிட்டர் இருந்தது, வண்டிக்குள் மாரென் விடும் சத்தத்தை எடுத்துத் தரும் சிறு பெட்டி. அதிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

மூச்சு.

குழந்தையின் மூச்சு அல்ல. பெரிய ஆளின் மூச்சு. ஈரத் துணியை வாயில் அழுத்திக்கொண்டு இழுப்பது போல, இழுத்து, அடைத்து, மறுபடி இழுத்து...

செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

மாரென் குப்புறக் கிடந்தாள். ஜிப் கழுத்து வரை பூட்டியபடியே இருந்தது. அந்தப் பைக்குள் அவளால் புரளவே முடியாது. அவளுக்கு இன்னும் புரளவும் தெரியாது. அவள் முகம் தலையணையில் புதைந்திருந்தது. இறவாரத்தின் கீழ், கூரையிலிருந்து ஒரு துளி விழவும் வழியில்லாத இடத்தில், தலையணை முழுக்கப் பனி.

பையைக் கிழிக்காத குறையாகத் திறந்தேன். அவளுடைய இரண்டு கைகளும் முதுகுப் பக்கம் வளைந்து, மணிக்கட்டோடு மணிக்கட்டு சேர்ந்திருந்தன.

தூக்கியதும் இழுத்து ஒரு மூச்சு விட்டு, வீறிட்டாள். அவளை மார்போடு அணைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். முற்றத்துப் பனியில் ஒரே ஒரு தடம். வண்டிச் சக்கரமும் என் கால்களும் பதித்த தடம். வேறு எதுவும் இல்லை.

ஆனால் வாசனை இருந்தது. நனைந்த கம்பளிச் சட்டையும் பழைய கானாங்கெளுத்தி மீனும் கலந்த வாசனை. இரைக் கொட்டகையின் வாசனை.

"களைப்புல நீயே குப்புறப் போட்டிருப்ப" என்றான் பின்னாலேயே ஓடி வந்த சிக்வே, மெதுவாக, என் தோளைத் தடவியபடி.

"சிக்வே, நான் முத்தம் குடுத்துட்டு வந்தேன். நெத்தியில."

அவன் குனிந்து தலையணைப் பனியைத் தட்டிவிட்டான்.

மறுநாள் வியாழக்கிழமை. மாரெனுக்கு எடை பார்க்கிற நாள். எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் ஒரே ஒரு நர்ஸ்தான். பெரித். எட்வினின் அக்கா.

அவள் விடுப்பில் இருப்பாள், பக்கத்து ஊரிலிருந்து யாராவது வந்திருப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். கதவைத் திறந்தால் வெள்ளைச் சட்டையில் பெரித்தே நின்றாள்.

"வா. என்ன அப்படிப் பாக்கற? வீட்டுல உக்காந்தா கடிகாரச் சத்தம் மட்டும்தான் கேக்குது. இங்க கொழந்தைங்க அழுற சத்தமாவது கேக்கும்."

மாரெனின் உடுப்புகளை அவளே கழற்றினாள். வெதுவெதுப்பான கை. தராசில் போட்டாள்.

"ஆறு கிலோ நானூறு. அடேயப்பா, குண்டம்மா! பாலா குடிக்கற, வெண்ணெயா தின்னற?"

மாரென் அவளைப் பார்த்துச் சிரித்தாள். பெரித்தும் சிரித்தாள். பிறகு குனிந்து, விளக்கை இழுத்து, குழந்தையின் மூக்கு நுனியைப் பார்த்தாள். விரலால் தொட்டாள். சிரிப்பு போய்விட்டது.

"பனி பட்டு வெளுத்திருக்கு. குப்புறப் போட்டியா?"

"இல்ல."

"தூருன்."

"நான் போடல, பெரித். சத்தியமா."

அவள் குழந்தைக்கு ஒவ்வொரு உடுப்பாகப் போட்டுவிட ஆரம்பித்தாள். பொத்தானைப் பூட்டிக்கொண்டே, எடையைச் சொல்கிற அதே குரலில் பேசினாள்.

"எட்வினை நான்தான் குளிப்பாட்டினேன். வேற யாரையும் தொட விடல. மூக்கு, நெத்தி, ரெண்டு கன்னம், எல்லாம் இதே மாதிரி வெள்ளையா இருந்துச்சு. வாய்க்குள்ள பனி. ஒரு நிமிஷம்னு உன் புருஷன் சொல்லியிருக்கானாம். ஒரு நிமிஷத்துல சதை அப்படி ஆகாது. முப்பது வருஷமா இந்த ஊர்ல நர்ஸா இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

மாரெனின் குல்லாயை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வெளியூர்லேர்ந்து விசாரிக்க வர்றாங்க. நான் அவங்ககிட்ட எதுவும் கேக்கப் போறதில்ல. நான் ஒண்ணே ஒண்ணுதான் தெரிஞ்சுக்கணும். எவ்வளவு நேரம்? அது தெரியாம எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது. கண்ண மூடினா நானும் சேந்து எண்ண ஆரம்பிச்சிடறேன். எங்க நிறுத்தறதுன்னு தெரியல."

மாரெனை என் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது குழந்தையின் குல்லாயைச் சரிசெய்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. சிக்வேயைக் கூப்பிட்டேன். முன்னறையில் விளக்கு எரிந்தது.

அவன் சோபாவில் குப்புறக் கிடந்தான்.

ஐந்து வருடமாக அவன் பக்கத்தில் தூங்குகிறேன். ஒரு நாளும் அவன் குப்புறப் படுத்ததில்லை. முகம் மெத்தைக்குள் காது வரை அமுங்கியிருந்தது. கைகள் இரண்டும் முதுகின் மேல், மணிக்கட்டுகள் ஒட்டியபடி. அவன் முதுகின் நடுவே சட்டைத் துணி உள்ளே குழிந்திருந்தது. வட்டமாக. உள்ளங்கை அளவுக்கு.

அந்தக் குழி என் கண்ணெதிரே இன்னும் கொஞ்சம் ஆழமானது.

"சிக்வே!"

குழி மறைந்தது. அவன் இருமிக்கொண்டே உருண்டு கீழே விழுந்தான். கண்கள் சிவந்து, வாய் ஓரமெல்லாம் ஈரம். எச்சில் என்று நினைத்துத் துடைத்தேன். குளிர்ந்தது. உருகிய பனி.

"கனவு" என்றான். "வெறும் கனவு."

அவன் மணிக்கட்டுகளைத் திருப்பிக் காட்டினேன். இரண்டிலும் சிவந்த வளையங்கள். விலங்கு பதித்த அந்தத் தடத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரியாத போலீஸ் கிடையாது.

"எவ்வளவு நேரம், சிக்வே?"

"ஒரு நிமிஷம்."

"பெரித் கேக்கறா."

"ஒரு நிமிஷம்னுதான் ரெண்டு பேரும் எழுதியிருக்கோம்! இப்ப மாத்தினா எனக்கு வேலை போகும், ஆர்ன்ஃபினுக்கு ஓய்வூதியம் போகும். ஜெயிலுக்கும் போவோம் தூருன், புரியுதா உனக்கு? மாரென் என்ன பண்ணுவா?"

மாரென் என்ன பண்ணுவாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று அவளை வெளியே தூங்க வைக்கவில்லை. படுக்கையறைத் தொட்டிலில் போட்டேன். தலையணை இல்லை, போர்வை இல்லை, மொட்டை மெத்தை. ஜன்னல் கொக்கியை இரண்டு தடவை பார்த்தேன். மானிட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு ஆர்ன்ஃபின் வந்தான். ஐம்பத்தொன்பது வயது, கதவை அடைக்கிற உடம்பு, ஊரில் யாருக்குக் கார் பனியில் மாட்டினாலும் முதலில் ஓடி வருகிற மனுஷன். பூட்ஸைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"என்ன வாத்தியாரம்மா, வாஃபிள் சுடற வாசனையே வரலியே? விருந்தாளிய இப்படியா பட்டினி போடுவாங்க?"

"காபி இருக்கு. உக்காரு."

"காபியா? தண்டனையே குடுத்துட்டியே" என்று சிரித்துக்கொண்டு சிக்வே பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு கதவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கு நாங்க தனித்தனியா போவோம். ஒரு நிமிஷம். அவ்வளவுதான். உன்னயும் கேட்டா சொல்லு, எல்லாரையும் நீ ஒழுங்காப் பழக்கியிருக்கன்னு. நாம மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னா, முடிஞ்சுது."

"எவ்வளவு நேரம், ஆர்ன்ஃபின்?"

"கேளு, தங்கம். செத்தவன் செத்துட்டான். எனக்கு எட்வின் மேல பாசம் இல்லைன்னு நெனைக்கிறியா? சின்ன வயசுல என் படகுலதான் அவன் முதல் மீன் புடிச்சான். ஜூன்ல எனக்கு ஓய்வு. உனக்கு மடியில கொழந்த. உயிரோட இருக்கறவங்களப் பாரு."

என் மார்பில் தொங்கிய மானிட்டர் கரகரத்தது.

மூவரும் அதைப் பார்த்தோம்.

முதலில் சிரிப்புச் சத்தம். பல பேர் சேர்ந்து சிரிக்கிற சத்தம், பெரிய கூடத்துக்குள் எதிரொலிப்பது போல. ரப்பர் மெத்தையில் வெறுங்கால்கள் கிறீச்சிடும் ஓசை. அந்தச் சிரிப்புகளுக்கு நடுவே ஒரு கனத்த சிரிப்பு. அது ஆர்ன்ஃபினுடையது. எதிரே உட்கார்ந்திருந்த ஆர்ன்ஃபினின் முகம் வெளுத்தது.

பிறகு ஒரு பெண் குரல். கலகலப்பான, நம்பிக்கையான குரல்.

"மூச்சு முட்டுதுன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க. நம்பாதீங்க. பேசுறவனுக்கு மூச்சு இருக்கு!"

மறுபடி சிரிப்பு.

அது என் குரல்.

இரண்டு வருடத்துக்கு முன்பு பயிற்சி மெத்தையில் நின்று நான் சொன்னது. கையேட்டில் அது இல்லை. விலங்கு மாட்டியதும் உடனே திருப்பு என்றுதான் கையேட்டில் இருக்கிறது, அதையும் சொல்லிக் கொடுத்தேன், பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தேன். ஆனால் வகுப்பு தூங்கி வழிந்த ஒரு மதியத்தில், சிரிக்க வைக்க, எங்கேயோ கேட்ட அந்த வாக்கியத்தையும் சொல்லி வைத்தேன். கையேட்டை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? சிரிப்புதான் தங்கும்.

சிரிப்பு அடங்கியது.

ஈரத் துணியை இழுக்கிற அந்த மூச்சு வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

அதற்கப்புறம் எதுவும் இல்லை.

படுக்கையறைக் கதவைத் திறந்தபோது முகத்தில் குளிர் அறைந்தது. ஜன்னல் மூடித்தான் இருந்தது. மீன் வாசனை தொண்டையை அடைத்தது. தொட்டிலில் மாரென் குப்புறக் கிடந்தாள், கைகள் பின்னால். மெத்தை அவளைச் சுற்றிக் குழிந்து போயிருந்தது. தொட்டிலின் மரச்சட்டங்கள் கிறீச்சிட்டு வளைந்தன.

அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினேன்.

அசையவில்லை.

ஆறு கிலோ நானூறு. காலையில்தானே பெரித் சொன்னாள். ஒரு கையால் தூக்கிக்கொண்டு மறு கையால் காபி போடுவேன். இப்போது என் விரல்கள் அவளுடைய வயிற்றுக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கின. சிக்வே தோளைப் பிடித்தான். ஆர்ன்ஃபின் இடுப்பைப் பிடித்தான். எவ்வளவு பெரிய முரடனையும் புரட்டிப் போடப் பழகிய மூன்று பேர். எங்களால் ஒரு குழந்தையைத் திருப்ப முடியவில்லை.

அவள் முதுகின் மேல் கையை வைத்து அந்தப் பாரத்தைத் தள்ளப் பார்த்தேன். என் புறங்கையின் மேல் ஒன்று அழுந்தியது. வட்டமாக, கடினமாக, நடுவே எலும்பு.

முழங்கால்.

"எட்டு நிமிஷம்!" என்று அலறினான் சிக்வே. யாரைப் பார்த்து அலறினானோ, தொட்டிலுக்கு மேலே வெற்றிடத்தைப் பார்த்து. "எட்டு நிமிஷம் வச்சிருந்தோம்! கார் ரேடியோல நேரம் ஓடுச்சு, நான் பாத்துக்கிட்டே இருந்தேன்! அவள விடு! எட்வின், அவள விடு!"

பாரம் குறையவில்லை.

"ஆர்ன்ஃபின், சொல்லு!"

ஆர்ன்ஃபினின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. தொட்டிலின் சட்டம் ஒன்று உடைந்தது.

"முழங்கால் என்னோடது" என்றான் ஆர்ன்ஃபின், அழுதுகொண்டே. "திருப்புங்க, திருப்புங்கன்னு கெஞ்சினான். அண்ணேன்னு கூப்பிட்டான். நான் எடுக்கல."

மாரெனின் காது மடல் நீலமாகிக்கொண்டிருந்தது. அவளுக்கு இன்னும் எத்தனை நொடி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதையும் நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் இருவரும் சொல்லிவிட்டார்கள். மானிட்டரில் வந்தது அவர்கள் குரல் இல்லையே.

"நான்" என்றேன். "எட்வின், நான்தான் அந்த வார்த்தையச் சொல்லிக் குடுத்தேன். நீ மூச்சு முட்டுதுன்னு சொன்னப்ப அவங்க ஏன் நம்பலன்னா, நம்பாதீங்கன்னு நான் சொல்லியிருந்தேன். சிரிக்க வைக்கறதுக்காகச் சொன்னேன். உன்மேல அந்த எட்டு நிமிஷமும் நானும் இருந்தேன். நாளைக்குச் சொல்றேன். இன்னைக்கே பெரித்கிட்டச் சொல்றேன். என்ன எடுத்துக்க. இவள விட்டுடு."

என் புறங்கையின் மேலிருந்து முழங்கால் எழுந்தது.

மெதுவாக. மனமில்லாமல்.

மாரெனைத் திருப்பினேன். முகம் வெளுத்து, வாயில் பனி. சுண்டுவிரலால் வழித்து எடுத்தேன். வாயோடு வாய் வைத்து ஊதினேன். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது ஊதலில் அவள் நெஞ்சு தானாக ஏறியது. அழுதாள். ஊரே கேட்கும்படி அழுதாள். சிக்வே எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆர்ன்ஃபின் சுவரில் சாய்ந்து, தன் வலது முழங்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றான்.

மாலை நான்கு மணிக்குப் பெரித்தின் வீட்டுக் கதவைத் தட்டினேன். தொட்டிலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எட்டு நிமிடத்தையும் என் வாக்கியத்தையும் மட்டும் சொன்னேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எட்டு" என்றாள். உதடு அசைய ஏதோ எண்ணினாள். எண்ணி முடித்து நிறுத்தினாள்.

"உனக்கு நன்றி சொல்ல மாட்டேன், தூருன்."

"வேண்டாம்."

"உன்ன மன்னிக்கவும் போறதில்ல." மூக்கை உறிஞ்சினாள். "அடுத்த வியாழக்கிழமை கொழந்தைய எடுத்துட்டு வா. அந்த மூக்க மறுபடி பாக்கணும்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மூவரும் போனோம். தனித்தனியாகத்தான் விசாரித்தார்கள். மூவரும் ஒரே மாதிரிதான் சொன்னோம், எட்டு நிமிடம் என்று.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஆர்ன்ஃபின் ஓய்வு விருந்து இல்லாமலே வீட்டுக்குப் போனான். சிக்வே இப்போது மீன் ஆலையில் பெட்டி அடுக்குகிறான். சில நாள் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. சில நாள் நடுச் சமையலில் வந்து என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பான், அடுப்பில் கருகினாலும் நான் நகர மாட்டேன். பயிற்சி வகுப்பு வேறு ஒருவருக்குப் போய்விட்டது. மாரென் நன்றாக இருக்கிறாள். மல்லாக்கத்தான் தூங்குகிறாள். மீன் வாசனை போய்விட்டது. மானிட்டரில் அவள் மூச்சு மட்டும்தான் கேட்கிறது.

முடிந்தது என்று நினைத்தேன்.

மே மாதம் பனி உருகியது. முற்றம் முழுக்கப் புல் தலைகாட்டியது. சமையலறை ஜன்னலுக்கு எதிரே மட்டும் நீளமாக ஒரு மேடு உருகாமல் நின்றது. நிழல் விழுகிற இடம், மெதுவாகத்தான் போகும் என்றான் சிக்வே. ஜூன் வந்தது. சூரியன் மறைவதே இல்லை, வானத்தைச் சுற்றிவந்து அந்த இடத்திலும் வெயில் அடித்தது. மேடு ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. இரண்டு தடவை சிக்வே மண்வெட்டியோடு போனான். இரண்டு தடவையும் சும்மா திரும்பி வந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இன்று காலை மாரெனை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே கிட்டப் போய்ப் பார்த்தேன்.

மேட்டில் தோள் தெரிகிறது. இடுப்பு தெரிகிறது. முழங்கால்களைக் கொஞ்சம் மடக்கி, ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. கையேட்டில் இருக்கிறபடி யாரோ சரியாகத் திருப்பி வைத்தது போல. முகம் எங்கள் வீட்டைப் பார்த்து இருக்கிறது.

வாய் இருக்க வேண்டிய இடத்தில், பனியில் ஒரு சிறு துளை. துளையின் விளிம்பு ஈரமாக இருக்கிறது.

அதிலிருந்து ஆவி வருகிறது. நின்று, நின்று, சீராக.